முகநரம்பு வலிக்கான மேற்பூச்சு மருந்துகள்: மருந்தும் வழியும்

முன்னுரை

முக்கிளை நரம்பு முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுசெல்வது. அந்நரம்பில் திடீரென வெட்டியிழுக்கும் கடும் வலிக்குப் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரே 1756இல் ‘டிக் டூலுரூ’ எனப் பெயரிட்டார். இவ்வலிக்குத் தோலின் மேல் பூசப்பெற்ற மருந்துகள் முழுப் பயன் தராமைக்குக் காரணம் மருந்தா, அது செலுத்தப்பட்ட வழியா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நஞ்சுக் களிம்பு

இலண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் டர்ன்புல் 1830களில் அகோனிட்டின் கலந்த களிம்பை இவ்வலிக்குப் பரிந்துரைத்தார். சித்த மருத்துவம் நாபி என வழங்கும் செடியின் இனத்திலிருந்து பெறப்படும் நஞ்சு இது. பூசிய இடத்தில் முதலில் சுறுசுறுப்பும் பின்னர் மரமரப்பும் தோன்றும். சில மில்லிகிராம் உட்சென்றாலே உயிர் போகலாம். ஆகவே புண்பட்ட தோலில் பூசுவதும் ஆபத்தாயிற்று.

தோலின் மேலிருந்து தோலின் கீழ்

டப்ளின் நகரின் மீத் மருத்துவமனையில் பிரான்சிஸ் ரிண்ட் 1844இல் முகவலியுற்ற ஒரு பெண்ணுக்கு, கிரியோசோட்டில் கரைத்த மார்ஃபினைத் துளைகருவி கொண்டு தோலின்கீழ் நரம்பருகே செலுத்தி வலியைத் தணித்தார். தோலடி மருந்தேற்றத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. மார்ஃபின் முன்பே அறியப்பட்ட மருந்து. புதியது அது சென்ற வழியே.

ஒரே வாயில்

சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிடோகெயின், நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை அடைக்கிறது. அகோனிட்டின் அதே வாயில்களை மூடவிடாமல் திறந்து வைத்து, இறுதியில் நரம்பைச் செயலிழக்கச் செய்கிறது. 1962இல் இவ்வலிக்குப் பயன்படுத்தப்பட்ட கார்பமாசெபின் மாத்திரையும் அவ்வாயில்களையே தடுக்கிறது. லிடோகெயின் ஒட்டுப்பட்டை 1999இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது அக்கிப்புண்ணுக்குப் பிந்தைய நரம்பு வலிக்காகும். அவ்வலியில் தோலிலுள்ள நரம்பு முனைகளுக்கும் பங்குண்டு. ஆதலின் ஒட்டுப்பட்டைக்கு அங்கு இடமுண்டு. முக்கிளை நரம்பு வலியிலோ, மூளைத்தண்டருகே நரம்பின் வேரை இரத்தக்குழாய் அழுத்துவதே பெரும்பாலும் காரணம். 1934இல் வால்டர் டாண்டி இவ்வழுத்தத்தைச் சுட்டிக்காட்டினார். கன்னத்தில் பூசும் மருந்து அவ்விடத்தை எட்டாது.

முடிவுரை

டர்ன்புல்லின் களிம்பு சென்று தாக்கிய இலக்கு, பிற்கால மருந்துகளும் நாடிய இலக்கே. அதன் குறைகள் இரண்டு: நஞ்சின் அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, வலியின் வேரை எட்டாமை. எனவே மேற்பூச்சு மருந்தை மதிப்பிடுவோர், வலி உணரப்படும் இடத்தையும் அது பிறக்கும் இடத்தையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும்.