வேண்டிப் பெறும் தாய்மை

லேக் மார்க்கெட் அருகே சிறு வாடகை வீட்டில் குடித்தனம் நடத்திய என் பாட்டியார் ஒன்பது மக்களைப் பெற்றார், ஐவர் பிழைத்தனர். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்பது நம் வாழ்த்து. அப்பதினாறும் செல்வங்களே, பிள்ளைகள் அல்லர் எனப் புலவர்கள் விளக்குவர். அவ்விளக்கம் பாட்டியார் செவிக்கு எட்டியதில்லை, "இன்னொன்று வேண்டுமா?" என அவரை எவரும் வினவியதுமில்லை.

அவ்வினாவை எழுப்பிய முன்னோருள் இருவர் நாம் வாழும் வங்கத்திற்கும் நாம் பிறந்த தமிழகத்திற்கும் உரியர். 1916-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கருத்தடை நிலையம் திறந்து சிறை சென்றவர் மார்கரெட் சாங்கர் அம்மையார். அவருக்கு 1925-இல் தாகூர் சாந்திநிகேதனத்திலிருந்து மடல் விடுத்தார். விரும்பாத தாய்மையினின்று பெண்ணைக் காப்பதை அவ்வியக்கத்தின் பெருமைகளுள் முதலாவதாக வைத்தார். புலனடக்கமே வழியெனக் காந்தியடிகள் அறிவுறுத்திய காலம் அது. மக்களின் ஒழுக்கவுணர்வு முதிரும்வரை காத்திருப்பது, அதுவரை பிறந்து வாடும் குழந்தைகளுக்கு இழைக்கும் கொடுமை என்பது கவியின் வாதம். 1935 டிசம்பரில் சாங்கர் வார்தாவுக்கே சென்று வாதிட்டும் அடிகள் தம் கொள்கையினின்று அசையவில்லை.

அதே 1925-இல் ஈரோட்டில் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார் பெரியார். பிற்காலத் தாடியன்றி இவ்விருவர்க்கும் ஒற்றுமை குறைவே! பெண்ணின் உடல்நலம், நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து எனப் பிறர் காரணம் காட்ட, பெண் விடுதலையே தம் காரணம் என்றார் அவர். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் அவரது நூலில் கர்ப்பத்தடைக்குத் தனிக் கட்டுரையே உண்டு. அக்காலத்தில் இதனை அச்சேற்றப் பெருந்துணிவு வேண்டும்.

1952-இல் அரசு குடும்பநலத் திட்டம் வகுத்தபோது முன்னின்றது வேறு காரணம்: மக்கள்தொகை. எண்களோடு நாளெல்லாம் உழலும் எழுத்தனாகிய எனக்கு ஒன்று தெரியும்; இலக்கு என்று ஒன்று வந்துவிட்டால் கோப்பில் மனிதர் மறைந்துவிடுவர். நெருக்கடி நிலையின்போது, 1976–77 ஓராண்டிலேயே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றுக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் ஆடவர், வற்புறுத்தப்பட்டோர் பலர். அதன்பின் ஆடவர் ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுதும் பெண்கள்மேல் விழுந்தது. இலக்கு முறை 1996-இல் கைவிடப்பட்டது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். கணவன் செய்துகொண்டது ஒன்றுக்கும் குறைவு. மாத்திரை, வளையம், ஊசி எனப் பல வழிகளையும் அறிந்து அவற்றுள் ஒன்றைக் கொள்வதன்றோ தேர்வு?

என் தமக்கையார் இரு மக்களோடு நிறுத்த விரும்பி இந்நகர மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். கணவரின் கையொப்பம் வேண்டும் என்றனர். அரசு விதிப்படி அது தேவையில்லை. அவர் ஒப்புதலே போதும். விதியை எடுத்துக்காட்டித் தாமே கையொப்பமிட்டுவிட்டு வந்தார்.