யெச்சூரி வாசித்த மனு

சில ஆண்டுகளுக்கு முன் வாசக அன்பர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். கலைந்த தலைமுடியுடன் ஓர் இளைஞர் கையிலுள்ள தாளை வாசிக்கிறார். அருகே இந்திரா காந்தி அம்மையார் நின்று கேட்கிறார். அவசரகாலத்தில் மாணவர் தலைவர் மன்னிப்புக் கேட்கும் காட்சி என்று கீழே குறிப்பு. படக்குறிப்பு எழுதியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அது பொறுக்கவில்லை.

நடந்தது நேர்மாறானது. 1977 மார்ச்சில் அம்மையார் தேர்தலில் தோற்றுப் பிரதமர் பதவியை இழந்தார். ஆயினும் புதுடில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வேந்தர் பதவியை விடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் மாணவர்கள் அவரது இல்லத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். மாணவர் ஒன்றியத் தலைவர் சீதாராம் யெச்சூரி, அவசரகாலக் கொடுமைகளை அடுக்கி, பதவி விலகக் கோரும் மனுவை அவர் முன்னிலையிலேயே வாசித்தார். பின்னர் அம்மையார் விலகினார்.

இருபத்தைந்து வயது இளைஞருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஒன்றியத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. தலைவர் உட்பட நான்கு பதவியாளர்களை மாணவர் அனைவரும் தெரிவு செய்கின்றனர். கவுன்சிலர்களை அந்தந்தப் பீடத்து மாணவர்கள் தெரிவு செய்கின்றனர். தேர்தலை நடத்துவது நிர்வாகமன்று, மாணவர்களின் தேர்தல் குழுவே. வாக்களிப்புக்கு முன் தலைவர் பதவி வேட்பாளர்கள் நள்ளிரவு தாண்டியும் விவாதிப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் பொதுக்கூட்டம் கவுன்சிலுக்கும் மேலான அதிகாரமுடையது. பிரதிநிதியை அனுப்பிவிட்டு அடுத்த தேர்தல்வரை வாய்மூடியிருக்கும் வழக்கம் அங்கில்லை. நமது நாடாளுமன்றங்களைப் பல்லாண்டு பார்த்துச் சலித்த எனக்கு இதில் சற்றுப் பொறாமையும் உண்டு.

இத்தகைய ஒன்றியத்தின் தேர்தலுக்கே தடை வந்தது. இந்தியக் கல்லூரித் தேர்தல்களில் பணமும் அடியாட்களும் புகுந்ததைத் தடுக்க, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு 2006இல் விதிகளைப் பரிந்துரைத்தது. ஒரு வேட்பாளருக்குச் செலவு 5,000 ரூபாவுக்கு மேற்படலாகாது; ஆராய்ச்சி மாணவருக்கு வயதெல்லை 28; பதவியாளர் பொறுப்புக்கு ஒரு முறையே போட்டியிடலாம். நோக்கம் நல்லதே. ஆனால் ஆராய்ச்சி மாணவர் பெருந்தொகையாகக் கற்கும் இடத்தில், அனுபவமுள்ள பலரை அந்த வயதெல்லை ஒதுக்கியது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம். விதிகளைப் பின்பற்றவில்லையென்று 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தேர்தலை நிறுத்தியது. வயதெல்லை 30 ஆகத் தளர்த்தப்பட்ட பின்னர், 2012 மார்ச்சிலேயே மறுபடி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பட்டப்படிப்புக்கு வந்து வெளியேறிய ஒரு தலைமுறை அங்கே ஒருமுறையேனும் வாக்களிக்கவில்லை.

2019க்குப் பின் மீண்டுமோர் இடைவெளி. பெருந்தொற்றும் அதற்கொரு காரணம். 2024 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது 73 சதவீதத்தினர் வாக்களித்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் யெச்சூரி காலமானார். அவரது உடல் முதலில் அந்த வளாகத்துக்கே கொண்டுசெல்லப்பட்டது. அன்று அந்தப் பழைய படமும், அதே பிழையான குறிப்புடன், எனக்கு மறுபடியும் வந்து சேர்ந்தது.