கம்பியும் களிமண்ணும்

கரிகால் சோழன் வைத்த விருந்தை முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையில் ஆசை தீரப் பாடியிருக்கிறார். புல் மேய்ந்து கொழுத்த செம்மறியின் தொடைக்கறி வெந்து வருகிறது. கூடவே, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டங்கள். சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்கிறான் பொருநன். பல நாள் இப்படியே தின்று தின்று, கொல்லை உழுத கொழுவைப்போல அவன் பற்கள் மழுங்கிவிடுகின்றன.

கபாப் என்றாலே முகலாயர் கொண்டுவந்த பண்டம் என்று நினைக்கிறோம். அந்தப் பெயரும், கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துச் சுடும் சீக் கபாபின் பக்குவமும் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தவைதான். ஆனால் கறியைக் கம்பியில் கோத்துத் தணலில் வாட்டும் வழக்கம் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே தென்னாட்டில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ஆக்கிய மானசோல்லாசத்திலும் கம்பியில் சுட்ட கறிக்குப் பக்குவம் இருக்கிறது. கறியை மிருதுவாக்க இன்று நாம் அரைத்துச் சேர்க்கும் பப்பாளிக்காயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வந்த பிறகே இங்கு வேர் பிடித்தது.

கம்பி மட்டும் இருந்தால் கறி வேகாது. தணலை அடக்கிவைக்க ஒரு கலம் வேண்டும். கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி நகரைத் தோண்டியபோது, சுட்ட மண்ணால் ஆன கம்பித் தாங்கிகள் சோடியாகக் கிடைத்தன. கம்பிகளை வரிசையாக வைக்க மேல்விளிம்பில் வெட்டுகள். தணலுக்குக் காற்றுப் போக அடியில் வரிசையாகத் துளைகள்.

நம் வீடுகளில் அந்த வேலையைச் செய்தது குமுட்டி அடுப்பு. மேலே கரி, நடுவில் சாம்பல் உதிரும் சல்லடை, கீழே விசிறுவதற்கு ஒரு வாய். கரி பற்றியதும் புகையும் சுவாலையும் அடங்கி, மேலே வெண்சாம்பல் பூத்த பிறகுதான் கம்பியை வைக்க வேண்டும். சுவாலையில் காட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகைதான் கறிக்கு அந்த மணத்தைத் தருகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் பிறகு கேஸும் வந்து குமுட்டியைப் பரணில் ஏற்றிவிட்டன. இன்று மொட்டைமாடியில் கபாப் சுட ஆசைப்படுபவர்கள் தகர கிரில்லைக் கடையில் வாங்குகிறார்கள்.

தகரத்துக்குப் பதில் மண்ணிலேயே ஒரு கலம் கிடைக்காதா என்று தோன்றும் இந்த இடத்தில் விருத்தாசலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்ட இந்தப் பழைய ஊரைக் கடந்த நூற்றாண்டில் பீங்கான் நகரமாக்கியது மண்தான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய சுரங்கங்களில், நிலக்கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண் ஒரு தொழிலுக்கே வழிகாட்டியது. செராமிக் தொழில்பேட்டை எழுந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தர அரசுப் பயிலகமும் வந்தது. மின்சாரம் தாங்கும் ஃபியூஸ் கேரியர்களும், கொலுவுக்கும் அலமாரிக்கும் போகும் பொம்மைகளும் இங்கே உருவாகின்றன.

பொம்மை பிறக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றி விடுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரை ஒட்டி மண் ஒரு தோலாகப் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, தோல் இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. அதைக் காயவைத்துச் சூளையில் ஏற்றினால், ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் கல்லாகிறது.

தீயை இவ்வளவு அறிந்த ஊர், வீட்டுத் தணலுக்கும் ஒரு கலம் செய்து தர வேண்டும். மெல்லிய பீங்கான் அதற்கு ஆகாது. திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். சுட்ட மண்ணைப் பொடித்துக் கலந்த முரட்டுக் களிமண் சூட்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். சூளைக்குள் பொருள்களை அடுக்கும் தட்டுகளை அந்த முறையில்தான் செய்கிறார்கள். அந்த மண்ணில் இரண்டு தாங்கிகள், மேலே வெட்டுகள், கீழே காற்றுத் துளைகள் என்று அமைத்தால் போதும். அச்சும் சூளையும் கைத்திறனும் விருத்தாசலத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.