கிணற்றடி மூலை: ஒரு சிறு வரலாறு

எமது பாடசாலை வளவின் பின்புறத்தில், பழைய விடுதிக்கும் மதிலுக்கும் இடையே ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அளந்தால் இரண்டு பரப்பும் வராது. அறுபதுகளில் படித்தவர்களுக்கு அது கிணற்றடி. தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு அது பங்கரடி. இன்று படிக்கும் பிள்ளைகளுக்கு அது குப்பை மூலை. சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி அந்த மூலையைத் திருத்துவது என்று தீர்மானித்தபோது, இந்த மூன்றில் எதைத் திருத்தப் போகிறோம் என்பதிலேயே எமக்குள் கருத்து வேறுபட்டது. அந்தக் கதையை இங்கே பதிந்து வைப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

இலங்கைப் பாடசாலைகளில் தோட்டம் அமைக்கும் திட்டம் 1901 ஆம் ஆண்டில் தொடங்கியது. பிள்ளைகள் ஏட்டை மட்டுமன்றி மண்ணையும் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எமது வளவிலும் தோட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது இந்த மூலைதான். காரணம் எளிது: கிணறு அங்கே இருந்தது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் ஆண்டு முழுவதும் அள்ளிக் குடிக்கிறோம். ஆகவே எங்கே கிணறோ அங்கேதான் தோட்டம். துலாவில் இறைத்த நீர் வாய்க்கால் வழியே ஓடி, வாழைக்கும் கத்தரிக்கும் பாய்ந்ததாக மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதற்கு முந்திய மாதமே இரங்கூன் வீழ்ந்து, பர்மா அரிசி வருவது நின்றிருந்தது. நாடெங்கும் உணவுப் பயிர் செய்யும்படி அரசு கேட்டது. அந்நாளில் விடுதியில் இருந்த ஒரு பாட்டி, எமது முந்திய மலருக்குச் சொன்ன நினைவு இது: பூப்பாத்திகளைக் கொத்திப் புரட்டி மரவள்ளி நட்டார்கள், காலையில் மரவள்ளி, இரவில் கோதுமைமா ரொட்டி. "ரோசாவைப் பிடுங்கினபோது மிஸ் அழுதா. நாங்கள் பசியில் அழவில்லை," என்றாராம்.

போர் முடிந்தபின் பூக்கள் திரும்பி வந்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பது செவ்வரத்தை, நந்தியாவட்டை, குரோட்டன் வரிசை, கிணற்றடி மல்லிகைப் பந்தல் ஆகியவற்றை. விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் நான்கு இல்லத்தாரும் தோரணத்துக்குக் குரோட்டன் ஒடிக்க ஓடியது அங்கேதான். வீட்டை நினைத்து அழ விரும்பியவர்கள் ஒதுங்கியதும் அங்கேதான்.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு; ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். விமானச் சத்தம் கேட்டால் ஓடி இறங்க எல்லா வளவுகளிலும் பங்கர் வெட்டினார்கள். எமது பங்கர் மல்லிகைப் பந்தல் நின்ற இடத்தில் வெட்டப்பட்டது. 'ட' வடிவக் குழி, மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. அதற்குள் ஒடுங்கி இருந்து வாய்ப்பாடு சொன்ன வகுப்பினர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பேரப்பிள்ளை காணும் வயதை நெருங்குகிறார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது துலா இல்லை, பந்தல் இல்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளிலும் பல இல்லை. பனங்குற்றிகளை யாரோ எடுத்துவிட்டார்கள். குழி மட்டும் இருந்தது. காலப்போக்கில் அதற்குள் சருகும் உடைந்த கதிரையும் சேர்ந்தன. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுவதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டும் போனார்.

இந்த நிலையில்தான் நூற்றாண்டுத் திட்டம் பேசப்பட்டது. முதலில் வந்த வரைபடம் அழகானது: குழியை நிரப்பிப் புற்றரை, நடுவில் நீரூற்று, நன்கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல். அனுப்பியவர்கள் எமது அன்புச் சகோதரிகள். நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் புற்றரைக்குக் கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். அந்த நீர் வர வேண்டியது பிள்ளைகள் குடிக்கும் அதே நிலத்தடியிலிருந்து. நீரூற்று ஒருநாள் பழுதானால் மறுபடியும் நுளம்புத் தொட்டிதான்.

அதைவிடக் கடினமானது குழி பற்றிய பேச்சு. "எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கவே கூடாது, மூடிவிடுங்கள்," என்றனர் சிலர். "மூடினால் நாங்கள் அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும்," என்றனர் அதே வகுப்பில் படித்த வேறு சிலர். இரு பக்கமும் பங்கருக்குள் இருந்தவர்கள். யாரைப் பிழை என்பது? மூன்று கூட்டங்கள் முடிவின்றிக் கலைந்தன.

நான்காம் கூட்டத்துக்கு உயர்தர வகுப்பு மாணவியரை அழைத்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அந்தக் குழி என்ன என்று அவர்களிடம் கேட்டோம். குப்பை போட வெட்டினது என்றார்கள். 2009 இல் போர் முடியும்போது அவர்கள் கைக்குழந்தைகள், சிலர் பிறந்திருக்கவே இல்லை. சபை சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மூத்த அக்கா எழுந்து, தான் அதற்குள் இருந்து கேட்டதையெல்லாம் சொன்னார். மூடச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சொல்லி முடித்ததும், "வேண்டாம், மூட வேண்டாம்," என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டோம். நிழலும், இருந்து படிக்க வாங்கும் போதும் என்றார்கள்.

முடிவு இப்படி அமைந்தது. குழியின் 'ட' வடிவம் அப்படியே இருக்கும். ஆழம் குறைத்து, ஓரத்துக்குக் கல் கட்டி, விடுதிக் கூரை மழைநீர் அதற்குள் இறங்கச் செய்வோம். எமது சுண்ணக்கல் அழுக்கை வடிகட்டாது கிணற்றுக்கு விட்டுவிடும். ஆதலால் அடியில் பரல்கல், மேலே மணல் என்று படுக்கை இடப்படும். நீர் ஓரிரு நாளில் வற்றிவிட வேண்டும். தேங்க விட்டால் ஒரு கிழமையிலேயே நுளம்பு பறக்கும். கிணற்றுக்குக் கம்பிவலை. வேம்பு நின்ற இடத்திலேயே நிற்கும், அதன் கீழ் ஐந்து வாங்குகள். மதிலோரம் செவ்வரத்தை, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, ஒரு பாத்தி மரவள்ளி. மல்லிகைக்குப் புதிய பந்தல். கல்வெட்டு ஒன்றுதான், அதில் நன்கொடையாளர் பெயர் இராது. தோட்டம், பங்கர், மழைக்குழி என அந்த இடம் இருந்த வகையெல்லாம் ஆண்டுகளோடு எழுதப்படும். இதனால் மனம் வருந்திய சகோதரிகளும் உண்டு. அவர்கள் பெயர்கள் இம்மலரின் இறுதிப் பக்கங்களில் நன்றியோடு இடம்பெறுகின்றன.

நடுகை ஐப்பசி மழையோடு தொடங்கும். ஊருக்கு வரும் சகோதரிகள் ஒருமுறை அந்த மூலைக்கு வாருங்கள். மல்லிகைப் பந்தல் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதில் எமக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. பழைய படம் ஏதும் உங்கள் அல்பத்தில் இருந்தால், பந்தற்கால் நாட்டுமுன் அனுப்பி வையுங்கள்.