தொட்டு அளப்பதா, தொடாமல் அளப்பதா? உச்ச வெப்பத்தில் உலோகங்களின் மின்கடத்துதிறன்

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு வருவோர் காப்பித் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். சேர்வராயன் மலையின் மேற்பரப்பில் சார்னோகைட் பாறை சிதைந்து உண்டான பாக்சைட், அவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. அந்தத் தாது மலையிறங்கி, மேட்டூர் ஆலையில் அலுமினியமாக மாறியது. அலுமினிய உலையின் மின்பகுப்புக் கலத்தில் கிரையோலைட் குழம்பின் வெப்பநிலை சுமார் 950 டிகிரி செல்சியஸ். அடியில் தேங்கும் உருகிய அலுமினியத்தின் வழியாகவும் மின்னோட்டம் பாய்கிறது. அது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை எப்படி அளப்பது?

அறை வெப்பத்தில் அலுமினியத்தின் மின்தடைத்திறன், அதாவது கடத்துதிறனின் தலைகீழ், 2.65 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர். 660 டிகிரியில் உருகுவதற்குச் சற்று முன் அது 11ஐ நெருங்கும். உருகியதும் 24ஐத் தொடும். அணுக்களின் ஒழுங்கு குலைந்ததும் தடை இரு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

இத்தகைய எண்களைப் பெற வழக்கமாகக் கையாளப்படுவது நான்முனை முறை. வெளி முனைகள் இரண்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளந்தால், இணைப்புகளின் தடை கணக்கில் சேராது. ஆனால் உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும். முனையே கரைந்து கலந்தால், அளக்கப்படுவது தூய அலுமினியம் அல்ல.

திண்மக் கம்பியிலும் சிக்கல் உண்டு. மின்சாரம் பாய்ச்சி வெற்றிடத்தில் சூடேற்றிய கம்பியின் நீளம் முழுவதும் ஒரே வெப்பநிலை இருக்காது. பிடிப்பான்கள் வெப்பத்தை உறிஞ்சுவதால் முனைகள் குளிர்ந்திருக்கும். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தபோது, 1950களில் இந்த வெப்பப் பரவலையே ஆராய்ந்தார். முழுக் கம்பியின் தடையை ஒரே வெப்பநிலைக்குரியதாகக் கொள்ள முடியாது என்பது இதிலிருந்து தெளிவு.

திரவ உலோகங்களின் தடையையும் கிருஷ்ணன் விடவில்லை. 1945இல் அவரும் ஏ. பி. பாட்டியாவும், எலக்ட்ரான் அலைகள் அணுக்களின் ஒழுங்கின்மையால் சிதறுவதைத் தடையோடு இணைத்தார்கள். 1961இல் ஜான் சைமன் வகுத்த திரவ உலோகக் கோட்பாட்டுக்கு இது முன்னோடி.

உலோகத்தை முனைகளால் தொடாமலே அளக்கும் முறைக்கு நல்ல உதாரணம் கல்பாக்கத்தில் இருக்கிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் குளிர்விப்பான் திரவச் சோடியம். அத்தகைய உலைகளில் சோடியத்தின் மட்டத்தை அறிய, எஃகு உறைக்குள் வைத்த கம்பிச் சுருள்கள் பயன்படுகின்றன. ஒரு சுருளின் காந்தப்புலம் சோடியத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, மறு சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் குறைகிறது. வெப்பநிலை மாறினால் சோடியத்தின் கடத்துதிறனும் மாறி, மட்டக் கணக்கைப் பிழையாக்கும். பொறியாளர் அதைத் திருத்திக் கழித்துவிடுவார். மட்டத்தை நிலையாக வைத்துவிட்டால், ஆய்வாளருக்கு அந்தப் பிழையே வேண்டிய அளவு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு: எஃகு உறையும் மின்சாரத்தைக் கடத்தும். கடத்துதிறன் தெரிந்த மாதிரியைக் கொண்டு முதலில் அளவு திருத்தாவிட்டால், தொடாத முறையின் விடையும் சந்தேகத்துக்குரியதே.

ஆகவே, உருகிய உலோகத்துக்கு ஒரு முறையின் முடிவு மட்டும் போதாது. நான்முனை அளவையும் சுழல் மின்னோட்ட அளவையும், முனை எந்தப் பொருள், உறை எந்தப் பொருள், வெப்பநிலை எங்கே எடுக்கப்பட்டது என்ற விவரங்களோடு, ஒரே அட்டவணையில் சேர்த்தே வெளியிட வேண்டும்.