கண்டெடுத்த பொருளும் கலீபாக்கள் காட்டிய வழியும்



பஸ் நிலையத்திலோ சந்தையிலோ பணப்பை ஒன்று கிடக்கிறது. எடுப்பவரை எவரும் பார்க்கவில்லை. அதை வைத்துக்கொள்வதா, உரியவரிடம் சேர்ப்பதா? பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மதீனாவில் எழுந்த கேள்வி இது. அதற்குக் கிடைத்த விடையும், பின்வந்த கலீபாக்கள் அதை நடைமுறைப்படுத்திய விதமும் நம் சிந்தனைக்குரியவை.

கண்டெடுக்கப்பட்ட பொருளை அரபு மொழியில் 'லுகதா' என்பர். ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் லுகதாவைப் பற்றி வினவினார். அதன் பையையும் அதைக் கட்டியுள்ள கயிற்றையும் நன்கு அறிந்துகொள்ளுமாறும், ஓராண்டு காலம் அறிவிப்புச் செய்யுமாறும் நபியவர்கள் பணித்தார்கள். உரிமை கோரி வருபவரின் உண்மையைச் சோதிப்பதற்கும், கண்டெடுத்தவரின் பணத்துடன் அது கலந்துவிடாமல் காப்பதற்குமே இந்த ஏற்பாடு என அறிஞர்கள் விளக்குவர்.

வழிதவறிய ஆட்டை என்ன செய்வது என அம்மனிதர் கேட்டார். அது உமக்கோ, உம் சகோதரருக்கோ, ஓநாய்க்கோ உரியது என்று பதில் வந்தது. விட்டுவிட்டால் அழிந்துவிடும் என்பதால் எடுத்துப் பாதுகாக்கலாம். ஆனால் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோது நபியவர்களின் திருமுகம் சிவந்தது. தானே நீர் அருந்தி, மரங்களில் மேய்ந்து, எசமானன் வரும்வரை உயிர்வாழும் பிராணியைப் பிடிக்க வேண்டிய தேவை என்ன? ஆகவே, எடுப்பதற்கான அனுமதியே பொருளைக் காப்பதற்காகத்தான் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

உபை இப்னு கஅப் (ரழி) அவர்கள் 100 தீனார்கள் கொண்ட பையொன்றைக் கண்டெடுத்தார்கள். ஒரு தீனார் ஏறத்தாழ 4.25 கிராம் தங்கம். அவ்வாறாயின், அப்பையில் 50 பவுணுக்கும் அதிகமான தங்கம் இருந்தது! அதை மறைத்துவிடாமல் நபியவர்களிடம் வந்து அவர் விபரம் கூறினார். மக்களிடம் அறிவிக்குமாறே அவருக்கும் கட்டளையிடப்பட்டது.

கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சி கி.பி. 634 முதல் 644 வரை நீடித்தது. அக்காலத்தில் ஷாம் தேசத்துப் பாதையில் 80 தீனார்கள் அடங்கிய பையொன்று ஒருவரின் கையில் கிடைத்தது. பள்ளிவாசல்களின் வாயில்களில் அறிவிக்குமாறும், ஷாமிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் ஓராண்டு வரை அதைக் கூறுமாறும் உமர் (ரழி) அவர்கள் உத்தரவிட்டதாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது. பறிகொடுத்தவர் எங்கிருப்பார் என்று சிந்தித்து, அத்திசையிலேயே தேடச் சொன்னார்கள். பெயருக்கு ஓர் அறிவிப்புச் செய்துவிட்டு ஓய்ந்திருப்பது தேடலாகாது.

உமர் (ரழி) அவர்களின் காலத்தில் வழிதவறிய ஒட்டகங்களை எவரும் தொடவில்லை. ஆனால் கி.பி. 644 முதல் 656 வரை ஆட்சி செய்த உஸ்மான் (ரழி) அவர்கள், அத்தகைய ஒட்டகங்களைப் பற்றி அறிவித்து, பின்னர் விற்று, உரியவர் வரும்போது பணத்தைக் கொடுக்குமாறு ஆணையிட்டார்கள். மக்களின் நிலை மாறியதே இதற்குக் காரணம் என அறிஞர்கள் கூறுவர். சிந்தித்துப் பாருங்கள்! ஓநாயும் நெருங்கத் தயங்கும் ஒட்டகத்தை, மனிதக் கரங்களிலிருந்து காக்க வேண்டிய நிலை ஒரு தலைமுறைக்குள் உருவாயிற்று. அலி (ரழி) அவர்கள் இவற்றுக்கெனத் தொழுவம் அமைத்துத் தீனி வழங்கியதாகவும் அறிவிப்பு உண்டு. வழிமுறை மாறியது; உரியவரின் உரிமை மாறவில்லை.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, ஓராண்டு அறிவித்தும் எவரும் வராவிடின் கண்டெடுத்தவர் அதனைப் பயன்படுத்தலாம். ஆயினும் பின்னொரு நாள் உரியவர் வந்தால், பொருளையோ அதன் பெறுமதியையோ கொடுத்தே ஆகவேண்டும். வசதி படைத்தவர் அதனை ஸதகா செய்துவிட வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும், உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்யாது கண்டெடுத்ததைத் தனதாக்குவதைக் குற்றமாகவே கருதுகிறது.

இளைஞர்களே! நீங்கள் எடுக்கும் பணப்பையில் தேசிய அடையாள அட்டை இருந்தால் உரியவரை அறிய ஓராண்டு தேவையில்லை. ஒரு நாளே போதும். அறிவிக்கும்போது தொகையையும் அடையாளங்களையும் வெளியிடாதீர்கள். கோரி வருபவரே அவற்றைச் சொல்லட்டும். தொலைந்ததைப் பள்ளிவாசலின் உள்ளே கூவித் தேடுவதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே, உமர் (ரழி) அவர்கள் காட்டியவாறு வாயிலில் அறிவியுங்கள். தேவையெனில் பொலிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை தனதல்லாத நூறு ரூபாவுடன் வீடு வந்தால், "அதிர்ஷ்டக்காரன்" என்று மெச்சாதீர்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டு, அவன் கையைப் பிடித்து அவ்விடத்திற்கே அழைத்துச் செல்லுங்கள். அப்பணம் யாரோ ஒருவரின் மருந்துச் செலவாக இருக்கலாம். ஒரு கூலித் தொழிலாளியின் நாட்சம்பளமாக இருக்கலாம்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.