திவான் சி. பி.யும் வரலாற்றின் தீர்ப்பும்

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறைகளாய் வாணிகம் செய்துவரும் நம் குடும்பங்களுக்குத் ‘திவான்’ என்னும் சொல் புதிதன்று. இக்கடைத்தெருவை அமைத்த ராஜா கேசவதாஸும் ஒரு திவானே. அவரைப் பழிப்பார் இன்று இலர். 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூர்த் திவானாய் இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயரின் நிலையோ வேறு. வந்தவாசியில் பிறந்த தமிழர் ஆதலின், அவர் பெயரை எடுக்கும்போதே நாம் குரலைத் தாழ்த்துகிறோம். புகழ்ந்தால் இனப்பற்று என்பர். இகழ்ந்தால் நன்றி கொன்றோம் என்பர்.

அவர் காலத்து ஆக்கங்கள் சிறியனவல்ல. 1936 நவம்பர் 12-இல் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம், 1937-இல் தோன்றிய பல்கலைக்கழகம், 1940-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையம் ஆகியவற்றை எவரும் மறுக்கவியலாது. எனினும் ஆலயக் கதவைத் திறந்த பெருமையைத் திவான் ஒருவர்க்கே சூட்டுவதை நாம் ஒப்போம். 1924-இல் வைக்கத்தில் போராடியோரும், அங்கே ஈரோட்டிலிருந்து வந்து சிறைபுகுந்த பெரியாரும் அக்கதவை முன்னரே அசைத்துவிட்டனர்.

மறுபக்கமோ கொடிது. 1946 அக்டோபரில் புன்னப்பிர, வயலார் ஊர்களில் கயிற்றுத் தொழிலாளரும் உழவுத் தொழிலாளரும் கிளர்ந்தெழ, இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது, பட்டாளம் சுட்டது. மாண்டோர் தொகையில் இன்றளவும் ஒத்த கணக்கில்லை. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாகும் என அறிவித்தார். ஜூலை 25-ஆம் நாள் இந்நகரின் இசை விழாவொன்றில் வெட்டுண்டார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார்; திவான் பதவி துறந்தார். மின்நிலையம் பிறர் காலத்தும் எழுந்திருக்கக்கூடும். வயலாரின் குருதிக்கோ அவ்வாட்சியே பொறுப்பு என்பது நம் கருத்து.

கடல் கடந்த கானாவில் குவாமே நிக்ரூமாவின் கதையும் இத்தகையது. நாட்டுக்கு விடுதலை தந்தவர். ஓல்டா ஆற்றில் அணை கட்டியவர். 1958-இல் விசாரணையின்றிச் சிறையிடும் சட்டமும் கொணர்ந்தவர். 1966-இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது சிலையை வீழ்த்தினர். 1992-இல் அதே அக்ராவில் நினைவு மண்டபம் எழுப்பினர். சி. பி. மறைந்ததும் அந்த 1966-இல்தான், இலண்டனில்.

இனி, நம்மவர் நெஞ்சில் உறுத்தும் செய்தியொன்று. சி. பி.யை எதிர்த்துச் சிறை சென்றவர் பட்டம் தாணுப்பிள்ளை. மக்களாட்சியின் காவலர் எனப் போற்றப்பெற்றவர். அவர் திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சராய் இருந்த 1954-இல், ஆகஸ்டு 11-ஆம் நாள், தமிழ்நாட்டோடு இணையக் கோரிய தென் திருவிதாங்கூர்த் தமிழர் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. வயலாரைப் பேசுவோர் பலர் இதைப் பேசுவதில்லை. மார்த்தாண்டத்தைப் பேசும் நாமும் வயலாரை விரைந்து கடந்துவிடுகிறோம். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் பிறந்தது. நம் உறவினர் பலர் எல்லைக்கு அப்பாலாயினர். நாம் சாலைத் தெருவிலேயே தங்கினோம், இரு கதைகளையும் கேட்டபடி.